தன்மையைத் தேடிய நெறி

'என் புத்தகம்' என்பது பிறிதின்கிழமை. 'என் கை' என்பது தற்கிழமை. ஆறாம் வேற்றுமையின் இப்பகுப்பை முன்னரே கற்றுள்ளோம். புத்தகம் உடையவனிடமிருந்து பிரியும், கை பிரியாது. அத்வைத வேதாந்தம் இவ்விடத்தில் மேலும் ஒரு வினாவை எழுப்புகிறது. 'என் உடல்', 'என் மனம்' என்று உரைக்கும்போது இவற்றைத் தன்னுடையவை எனக் கொள்ளும் 'நான்' எது? அறியப்படுவன யாவும் அறிவோனுக்கு வேறெனின், உடலும் மனமும்கூடப் பிறிதின்கிழமையாகவே நிற்கும். எஞ்சுவது அறிவு ஒன்றே. அது ஆளுக்கொன்றாகப் பலவன்று என்பதே இரண்டன்மைக் கொள்கை. (சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படாது, உயிரும் இறைவனும் ஒரே பொருளல்ல என்பது அதன் துணிபு.)

இக்கொள்கையை ஆன்ம விசாரம் என்னும் எளிய பயிற்சியாக வழங்கியவர் இரமண மகரிஷி. திருச்சுழியில் 1879இல் பிறந்த அவரது இயற்பெயர் வேங்கடராமன். 1896 ஜூலையில், மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் இருந்தபோது, நோய் ஏதுமின்றியே மரண அச்சம் அவரைப் பற்றியது. அப்போது அகவை 16. எவரையும் துணைக்கு அழையாமல், பிணம்போல் தரையில் கிடந்து, 'இறப்பது எது?' என ஆராய்ந்தார். உடல் அசைவற்றுக் கிடக்கவும் 'நான்' என்னும் உணர்வு மங்காது நிற்பதைக் கண்டார், அச்சம் அகன்றது.

ஆகஸ்ட் 29ஆம் நாள், தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதிக்கொண்டிருந்தவர், இடையில் எழுந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் விட்டுச்சென்ற கடிதம் 'நான்' எனத் தொடங்குகிறது, அடுத்துத் தம்மையே 'இது' எனச் சுட்டுகிறது, கையொப்பமின்றி முடிகிறது. தன்மைப் பெயர் அஃறிணைச் சுட்டாக மாறிய அச்சிறு கடிதம், பின்னாளில் அவர் இயற்றிய நூல்களுக்கு ஒரு முன்னுரை போலவே தோன்றுகிறது.

1902இல் தென்னார்க்காடு வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, விரூபாட்ச குகையில் அவரைக் கண்டு வினவினார். பேசாதிருந்த காலமாதலின் விடைகள் எழுத்தாலேயே கிடைத்தன. அவையே 1923இல் 'நான் யார்?' என நூலாயின.

இவ்வினாவை மந்திரம்போல் உருவேற்றுவோர் உளர், அது பயிற்சியன்று. 'நான் ஆன்மா' என மனம் விடை கூறினும் அதுவும் மற்றொரு நினைவே. தேர்வு முடிவைக் குறித்து ஒரு மாணவருக்கு அச்சம் எழுகிறது எனக் கொள்வோம். அவர் அதனோடு போரிடவோ அதனை அடக்கவோ வேண்டுவதில்லை. 'இவ்வச்சம் யாருக்கு?' என நோக்கினால் 'எனக்கு' என்னும் உணர்வு முன்னிற்கும். அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது என அதன் மூலத்தையே நோக்கி நிற்றல் வேண்டும். கவனம் சிதறினால் மீண்டும் அதே நோக்கு. மூச்சடக்கத்தை இரமணர் விலக்கவில்லை. எனினும் மூச்சு மீண்டதும் மனமும் மீளுமாதலின், அதனைத் துணையாக மட்டுமே கொண்டார். இல்லறத்தார்க்கும் இந்நெறி உரியதென்றார்.

புலவர் முருகனாரின் வேண்டுகோளால் 1928இல் உருவான 'உள்ளது நாற்பது' என்னும் வெண்பா நூலில், இரமணர் இலக்கணம் கூறும் மூவிடங்களையே எடுத்தாள்கிறார். தன்மை உளதாயின் முன்னிலையும் படர்க்கையும் உளவாகும்; தன்மையின் உண்மையை ஆராய்ந்து அது ஒடுங்குமாயின் ஏனைய இரண்டும் தனித்து நில்லா என்பது அவர் காட்டும் முறை.