ஒரே சூரியன், ஊருக்கொரு வீடு

சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். செங்குத்தாக நட்ட கம்புக்கு அப்போது நிழலே இருக்காது. கிரீஸில் அப்படி ஒரு நாள் வருவதில்லை. கோடை உச்சத்தில்கூட அங்கே நண்பகல் சூரியன் தெற்கே சற்றுச் சாய்ந்துதான் நிற்கும். வீடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், சுவர் எவ்வளவு பருமன், திறப்பு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் மின்சாரம் இல்லாத காலத்தில் தீர்மானித்ததில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

வெயிலை உள்ளே அழைத்த வீடு

வடக்கு கிரீஸில் ஒலிந்தஸ் என்றொரு நகரம் இருந்தது. கி.மு. 432-ஐ ஒட்டிச் சுற்றுவட்டார மக்கள் வந்து குடியேற, அங்கே புதிய குடியிருப்புப் பகுதி எழுந்தது. கி.மு. 348-இல் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் நகரை அழித்தார். 1928-இல் தொடங்கிய அகழாய்வில் அந்த வீடுகளின் அடித்தளங்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன.

தெருவின் எந்தப் பக்கம் இருந்தாலும், வீட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தெற்கில் முற்றம், அதற்கு வடக்கே தாழ்வாரம், அதன் பின்னால் அறைகள். காரணம் சூரியனின் உயரம். டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 26 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தாழ்ந்து வரும் வெயில் தாழ்வாரத்தைக் கடந்து அறைக்குள் நுழையும். தரையும் மண்சுவரும் அந்தச் சூட்டை வாங்கி வைத்து, மாலையில் மெல்லத் திருப்பித் தரும். ஜூனில் சூரியன் சுமார் 73 டிகிரிக்கு ஏறிவிடுவதால், தாழ்வாரக் கூரையே வெயிலைத் தடுத்துவிடும். குளிருக்கு வெயில், கோடைக்கு நிழல் என்ற இந்த விதியைச் சாக்ரடீஸ் சொன்னதாக அவருடைய மாணவர் செனஃபோன் எழுதி வைத்திருக்கிறார்.

சூட்டைத் தாமதப்படுத்தும் சுவர்

ஈரானின் பாலைவன நகரமான யஸ்தில் கதை வேறு. பகல் கொளுத்தும், இரவு நன்றாகக் குளிரும். அங்கே கைகொடுப்பது பருத்த மண்சுவர். பகல் சூடு அந்தப் பருமனைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவுக் குளிரில் சுவர் ஆறி, மறுநாள் வெயிலுக்குத் தயாராகிவிடும்.

ஒரே வீட்டில் பருவத்துக்கேற்ப அறை மாறும் வழக்கமும் அங்கே இருந்தது. முற்றத்தின் வடபுறத்தில் தெற்கு நோக்கிய அறைகள் குளிர்காலத்துக்கு. தென்புறத்தில் வடக்கு நோக்கிய அறைகள் கோடைக்கு. கோடைப் பகுதிக்கு மேலே காற்றுக் கோபுரம் எழும்பும். உயரத்தில் வீசும் காற்றை அது பிடித்துக் கீழே இறக்கும். காற்று அசையாத வேளையில் உள்ளே தேங்கிய சூட்டை மேலே வெளியேற்றும். யஸ்தின் தௌலதாபாத் தோட்டத்தில் உள்ள கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரம்.

காற்று ஓட வேண்டிய இடம்

இதே உத்தியை நம் கடற்கரை ஊர்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே இரவிலும் புழுக்கம் விடாது. எனவே சுவர் ஆறுவதற்குப் போதிய குளிர் கிடைக்காது. வியர்வை உலரக் காற்று ஓட வேண்டும். அத்துடன், சூரியன் தலைக்கு மேலே ஏறுவதால் கூரைதான் அதிகம் காய்கிறது. அடுத்தபடியாக அடிபடுவது காலை, மாலைச் சாய்வெயில் நேராக மோதும் கிழக்கு, மேற்குச் சுவர்கள்.

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீள்வதை இந்தக் கண்ணோடு பாருங்கள். சாய்வெயில் படும் இரு முனைகளும் குறுகியவை. நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்போது, சுற்றியுள்ள தாழ்வாரங்களிலிருந்து புதுக்காற்று இழுபடும். திண்ணையும் தாழ்வாரமும் உள்சுவரை வெயில் தொடாமல் காக்கும்.

கண்ணாடி வந்தபின்

இருபதாம் நூற்றாண்டில் இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடியும் சேர்ந்து, எங்கும் ஒரே மாதிரிக் கட்டலாம் என்ற துணிவைத் தந்தன. பாரிஸில் 1933-இல் திறக்கப்பட்ட, சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் விடுதிக்குக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே தெற்கு முகம் முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி வைத்தார். திட்டமிட்ட குளிரூட்டல் பொருத்தப்படவில்லை. கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை. பிற்பாடு அந்த முகத்தில் வெயில் தடுப்புகள் கட்ட வேண்டியதாயிற்று. அவரே சண்டிகரில் கட்டிய அரசுக் கட்டடங்களின் முகப்பில் ஆழமான கான்கிரீட் தடுப்புகளைப் பார்க்கலாம்.

புதுப் பொருளைக் கொண்டே பழைய அறிவைப் பின்பற்றியது புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930களின் பிற்பகுதியில் கட்டுமானம் தொடங்கியது. கட்டடம் கிழக்கு மேற்காக நீள்கிறது. வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடி ஜன்னல் இல்லை. கையால் திருப்பிச் சாய்க்கும் கிடைமட்டத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலை மறித்துக் காற்றை விடவும், மழை வந்தால் மூடவும் முடியும். அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களாலானவை. சாத்தியிருந்தாலும் காற்று ஊடுருவும். கான்கிரீட் தளத்தின்மேல் வளைந்த ஓடுகள். இடையில் உள்ள காற்று வெளி கூரைச் சூட்டைக் குறைக்கிறது. ஏசி இல்லாமலே இன்றும் அங்கே ஆட்கள் தங்குகிறார்கள்.

வீடு கட்டுவோருக்கு

பிளான் போட உட்காரும்போது இன்ஜினியரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, மேற்கில் என்ன வருகிறது? மாலை வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும் என்பதால், படுக்கையறையை அங்கே வைக்காமல் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை வைப்பது நல்லது. இரண்டாவது, ஒரு ஜன்னலில் நுழையும் காற்று எந்த வழியே வெளியேறும்? எதிரே திறப்பு இல்லாத அறையில் காற்று ஓடாது. மூன்றாவது, மொட்டைமாடிக்கு என்ன ஏற்பாடு? வெள்ளைப் பூச்சோ தட்டோடோ நிழற்பந்தலோ ஏதாவது ஒன்று வேண்டும். இவற்றைத் தாளில் மாற்ற ஓர் அழிரப்பர் போதும்; கட்டி முடித்தபின்னோ, தவறின் விலையை மின்கட்டணமாகச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.