தமிழ் இலக்கணத்தின் வழியே ஆங்கிலம்

கிராமப்புறத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்குப் பொருளியல் கடினமான பாடமன்று. அறுவடைக் காலத்தில் நெல் விலை ஏன் சரிகிறது என்பதைக் களத்து மேட்டிலேயே கண்டறிந்தவர்கள் அவர்கள். ஆயினும், ஆங்கிலப் பாடநூலின் ஒரு பத்தியில் மூன்று முறை வரும் 'இட்' எதைச் சுட்டுகிறது, 'தே' யாரைக் குறிக்கிறது என்பதில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். வகுப்பறையில் நான் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை இது.

இதற்கான மருந்து நம் கையிலேயே இருக்கிறது. பெயர்ச்சொல்லையும் மூவிடப் பெயர்களையும் தமிழ் வகுப்பில் அந்த மாணவர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். அந்த அறிவை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைக்கச் சொல்வதுதான் நாம் செய்யும் தவறு.

பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல்லை ஆறாகப் பகுக்கிறது நன்னூல். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதே இங்கு அளவுகோல். ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ ஒருவருக்கு உரியதா, இனத்துக்குப் பொதுவா, கூட்டத்தைக் குறிப்பதா, மூலப்பொருளா, கருத்தா என்று ஐந்தாகப் பிரிக்கிறது. எங்கள் உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளையே சான்றாகக் கொள்ளலாம். உத்தரமேரூர் என்பது சிறப்புப் பெயர், ஊர் என்பது பொதுப்பெயர், சபை கூட்டப்பெயர், கல் பொருட்பெயர், நேர்மை பண்புப்பெயர். ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டது சிறப்புப் பெயர். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற தகுதி விதியோ, எந்தத் தனி மனிதரின் பெயரையும் கூறாமல் எல்லோருக்கும் பொதுவாக அமைந்தது.

இந்தப் பகுப்பு வெறும் மனப்பாடத்துக்கானதன்று. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகிய சொற்களை ஆங்கிலம் எண்ண இயலாதவையாகக் கருதுவதால், அவை பன்மை விகுதி ஏற்பதில்லை. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று இயல்பாகச் சொல்லும் மாணவன், அங்கும் பன்மை விகுதியைச் சேர்த்துவிடுகிறான். காரணத்தைச் சொன்னால் பிழை நீங்கும். மதிப்பெண்ணை மட்டும் குறைத்தால் அச்சம்தான் வளரும்.

பிரதிப்பெயரிலும் இதே நிலைதான். 'வந்தான்' என்றாலே வந்தவன் ஆண், ஒருவன், படர்க்கை என்பது விளங்கிவிடுகிறது. ஆங்கில வினைச்சொல் அத்தகைய விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதனால்தான் அங்கு எழுவாய் கட்டாயமாகிறது. மழை பெய்வதைச் சொல்லக்கூட ஓர் 'இட்' வேண்டும். அது எந்தப் பொருளையும் சுட்டுவதில்லை. எழுவாயின் இடத்தை நிரப்புகிறது, அவ்வளவே.

'ஐ', 'மி', 'மை' என்ற மாற்றம் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. 'நான்' என்பது வேற்றுமை ஏற்கும்போது 'என்னை', 'என்' என்று திரிவதை அவர்கள் அறிவார்கள். மரியாதைக்குரிய ஒருவரைத் தமிழில் ஆண், பெண் வேறுபாடின்றி 'அவர்' என்கிறோம். ஆங்கிலத்திலோ 'ஹி' அல்லது 'ஷி' என்று தெரிவு செய்தாக வேண்டும். அந்தத் தடுமாற்றத்துக்கு அறியாமை காரணமன்று. தமிழ்ப் பண்பே காரணம்.

சில இடங்களில் தமிழ் கூடுதல் நுட்பம் உடையது. ஆங்கிலத்தின் ஒரே 'வி', கேட்பவரை உள்ளடக்கினால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. நம் அரசியலமைப்பின் முகப்புரை ஆங்கிலத்தில் 'வி' என்றுதான் தொடங்குகிறது. தமிழாக்கமோ 'நாம்' என்ற சொல்லைத் தேர்ந்து படிப்பவரையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது.

இந்த நுட்பம் தேர்வோடு முடிவதில்லை. ஆங்கிலக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் மகளிர் குழு உறுப்பினருக்கு, அதிலுள்ள 'வி' என்பது வங்கியைச் சேர்க்காத 'நாங்கள்' என்று தெரிய வேண்டும். கடன் பெற்றவர் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று எழுதியிருந்தால், மற்றவர்கள் செலுத்தாத தொகையையும் அவரிடமே கேட்கலாம். சட்டத்தில் 'ஹி' என்றிருப்பதால் அது தனக்குப் பொருந்தாது என்றும் அவர் கருதக் கூடாது. ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் விதித்திருக்கிறது. ஒரு சிறு பிரதிப்பெயரில் ஒரு குடும்பத்தின் கடன்சுமை அடங்கியிருக்கக்கூடும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென்று எழுதிய இலக்கண நூல் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அதை அவர் லத்தீனில் எழுதினார். அறிந்த மொழியின் வழியே அறியாத மொழிக்குச் செல்வது என்பது அன்றே தெளிந்த நெறி. நம் குழந்தைகளுக்கு மட்டும் அந்த வழியை அடைப்பானேன்?

பெயர்ச்சொல், பிரதிப்பெயர்ப் பாடங்களைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து பேசி, ஒரே வாரத்தில் ஒப்பிட்டு நடத்தலாம். இதற்குப் புதிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. ஓர் ஆசிரியர் அறையில் இரு நாற்காலிகளை அருகருகே போட்டால் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).