சைட் படுத்தால் அரட்டை எழும்!

"சைட் உங்களுக்கு ஓபன் ஆகுதா?"

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை காலை. மேலூர் நண்பர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட கேள்வி இது. ஐந்தே நிமிடத்தில் ஆறு பேரிடமிருந்து ஒரே பதில்: "இல்லையே!"

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். மதுரை, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். என்னைப்போல் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களும் உண்டு, ஓய்வு பெற்ற தமிழாசிரியரும் உண்டு. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்வதுதான் எங்கள் பொழுதுபோக்கு. அவற்றை ஏற்றி வைக்கும் இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996-ல் ப்ரூஸ்டர் கேல் என்பவர் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத டிஜிட்டல் நூலகம் அது. காசு கேட்பதில்லை. தமிழில் மட்டுமே ஆயிரக்கணக்கான நூல்கள் அதில் இருக்கின்றன. அந்த நூலகம்தான் அன்று கதவைச் சாத்திக்கொண்டது.

கோளாறு யார் பக்கம்?

ஒரு சைட் வரவில்லை என்றால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை மோடத்தை அணைத்துப் போடுவது. இரண்டாவது வேலை, "நீதான் எதையோ நோண்டினே" என்று வீட்டுப் பிள்ளையைத் திட்டுவது! இரண்டுக்கும் முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வேறொரு சைட்டைத் திறந்து பாருங்கள். அது வந்தால் உங்கள் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு, செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே சைட்டைத் தட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். மூன்று, வேறு ஊர் நண்பரிடம் கேளுங்கள். டவுன்டிடெக்டர் போன்ற தளங்களிலும், மற்றவர்கள் புகார் செய்திருக்கிறார்களா என்று பார்க்கலாம்.

திரையில் வரும் எண்ணையும் கவனியுங்கள். 404 என்றால் கடை இருக்கிறது, நீங்கள் கேட்ட சரக்கு அங்கே இல்லை. 503 என்றால் கடைக்காரர் இருக்கிறார், இப்போது கவனிக்க முடியவில்லை. சர்வரின் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கலாம். நாம் டைப் செய்யும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டைரக்டரிதான் டிஎன்எஸ்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்தது நினைவிருக்கிறதா? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்பைத் துண்டித்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியும் இன்டர்நெட்டிலிருந்து மறைந்துபோனது. வீடு இருக்கிறது, வீட்டுக்குப் போகும் தெரு இல்லை! சரியாக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது.

விளக்குத்தூண் கூட்டம்

இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு நடந்தது வேறு. அது தாக்குதல். தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே ஒரு ஜவுளிக்கடைக்குள், எதுவும் வாங்காத ஆயிரம் பேரை யாராவது வேண்டுமென்றே அனுப்பினால் என்ன ஆகும்? நிஜமாகத் துணி எடுக்க வந்தவர் வாசலிலேயே நிற்பார். கம்ப்யூட்டர் உலகில் இதற்கு டிடாஸ் தாக்குதல் என்று பெயர்.

அதோடு நிற்கவில்லை. சுமார் 3 கோடியே 10 லட்சம் பயனர்களின் இமெயில் முகவரிகளும் பாஸ்வேர்டுகளும் திருடு போயிருந்தன. பாஸ்வேர்டுகள் அப்படியே எழுதி வைக்கப்படாமல், பிகிரிப்ட் என்ற முறையில் உருமாற்றி வைக்கப்பட்டிருந்தது ஓர் ஆறுதல். அதற்காகச் சும்மா இருக்கலாமா? கூடாது. நாங்கள் ஒன்பது பேரும் அன்றைக்கே ஒரு பட்டியல் போட்டோம்: அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறோம்? வாடிப்பட்டி நண்பர் ஏழு இடங்களில் வைத்திருந்தார்! ஏழையும் மாற்றினார். உங்கள் இமெயில் இப்படி எங்காவது கசிந்திருக்கிறதா என்பதை 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவச தளத்தில் பார்க்கலாம்.

வெட்டிப் பேச்சு

அதன் பிறகு செய்ய வேலை இல்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? அரட்டை தொடங்கியது.

அன்றுதான் 'வேட்டையன்' படம் ரிலீஸ். "டிக்கெட் கிடைச்சுதாண்ணே?" என்பதில் பாதி நாள் போனது. மறுநாள் சரஸ்வதி பூஜை. "புத்தகத்தையெல்லாம் பூஜையில வச்சாச்சு, இன்னைக்குப் படிக்கக்கூடாது. அமெரிக்காக்காரனும் அதைத்தான் செஞ்சிருக்கான்" என்றார் ஒருவர். புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலம், பேப்பர் வாசனை, கரையான் தொல்லை என்று பேச்சு எங்கெங்கோ போனது.

கரையான் என்ற சொல்லில்தான் உசிலம்பட்டி ஐயா முதன்முதலாக வாய் திறந்தார். அவர்தான் நான் சொன்ன தமிழாசிரியர்.

"தம்பிகளா, ஒண்ணு கேக்கணும். சைட் திரும்ப வரலைன்னா உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமா?"

அவருடைய அப்பா கும்மிப் பாட்டுகளைக் கேட்டுக்கேட்டுக் கைப்பட எழுதி வைத்த நோட்டு ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன் ஐயா அதை ஸ்கேன் செய்து ஆர்க்கைவில் ஏற்றியிருந்தார். அதன்பின் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது சைட்டில் இருந்த அந்த ஒரு காப்பி மட்டுமே. மூன்று நாளாகச் சினிமாவும் பூஜையும் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு நடுவே, அவர் இதை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறார்.

டேட்டா பத்திரமாக இருக்கிறது என்று ப்ரூஸ்டர் கேல் அறிவித்திருந்ததை நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். "சரிப்பா" என்றார். அந்த 'சரிப்பா'வில் நம்பிக்கை இல்லை. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் யாரோ சொன்ன சொல்தானே அது?

அரை மணி நேரம் கழித்து மேலூர் நண்பரிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. "ஐயா, இதுவா பாருங்க. எங்க ஆத்தாவுக்கு வாசிச்சுக் காட்ட முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சிருந்தேன்."

அதுவேதான். 64 பக்கங்களும் இருந்தன.

சைட் ஒழுங்காக ஓடியிருந்தால் நாங்கள் ஆளுக்கு ஒரு புத்தகத்தை ஏற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். ஐயாவிடம் ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது என்பதோ, அது மேலூரில் ஒரு பென் டிரைவில் தூங்குகிறது என்பதோ யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்டிப் பேச்சு என்று நினைத்ததுதான் அதை வெளியே கொண்டு வந்தது.

படி எடுப்பது நம் பழக்கம்

இதில் மதுரைக்காரர்களுக்குப் புதிது எதுவும் இல்லை. முதல் இரண்டு சங்கங்களின் நூல்களைக் கடல் கொண்டது என்பது மரபு. ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்று தெரிந்ததால் நம் முன்னோர்கள் விடாமல் படி எடுத்தார்கள். அப்படித்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் இதே மதுரையில் மீண்டும் தமிழ்ச் சங்கம் தொடங்கினார். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசிக்கும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இந்த ஊரின் பெயரிலேயே 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் டைப் செய்தும் பிழை திருத்தியும் தமிழ் நூல்களை இன்டர்நெட்டில் ஏற்றி வருகிறார்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். காப்பி பெருகப் பெருக நூலுக்கு ஆயுசு கெட்டி.

உங்கள் வீட்டுக்கும் இதேதான். கல்யாண போட்டோ, பிள்ளையின் சர்ட்டிபிகேட், பாட்டியின் குரல் என்று முக்கியமான எதற்கும் மூன்று காப்பி வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவதை இன்டர்நெட்டில் வைக்கலாம், ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலும் வைக்கலாம். "நெட்ல இருக்குல்ல" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அக்டோபர் 21-ல் ஆர்க்கைவ், படிக்க மட்டும் என்ற நிலையில் திரும்பத் திறந்தது. ஐயாவின் நோட்டு அங்கேயும் பத்திரமாக இருந்தது. "சைட் வந்துருச்சு!" என்று மேலூர் நண்பர் போட்டதும் எங்கள் குரூப் அமைதியாகிவிட்டது. எல்லோரும் புத்தகம் தேடப் போய்விட்டார்கள்!

அன்று மாலை ஐயா மட்டும் ஒரு வரி போட்டார்: "தம்பிகளா, ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக்கிட்டீங்களா?"

எடுத்துக்கொண்டோம். இப்போது அந்தக் கும்மிப் பாட்டு ஒன்பது வீடுகளில் இருக்கிறது.