நகரத்துக்குள்ளே காலி பெஞ்சு! பெரும்பாக்கத்திலே நெரிசல்!

சென்னை -
ஒரு பீரியடு 40 நிமிஷம். வகுப்பில் 60 பிள்ளைகள். வாத்தியார் பாடமே நடத்தாமல் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு போனால்கூட ஒரு பையனுக்குக் கிடைப்பது 40 விநாடி. அதற்குள் மணி அடித்துவிடும். கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்பது காலாண்டுப் பரீட்சைப் பேப்பரைத் திருத்தும்போதுதான் தெரியும்.

நகர எல்லையைத் தாண்டி, ஏழைகளைக் குடியமர்த்திய இடங்களில் உள்ள அரசுப் பள்ளிகளின் நெரிசல் இது. ஆனால் நகரத்தின் நடுவே உள்ள சில மாநகராட்சிப் பள்ளிகளில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. பிள்ளைகள் எங்கே போனார்கள்?

வீடு போச்சு, பள்ளியும் போச்சு

மாநகராட்சிப் பள்ளியில் படிப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், சித்தாள், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, நடைபாதைக் கடைக்காரர். 1920-ல் பிட்டி தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது என்று கட்டு. அன்றைக்கும் வந்தது பசித்த வயிறுதான்.

இந்தப் பிள்ளைகளின் வீடு பெரும்பாலும் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தது. 2000-ம் ஆண்டில் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் பாதி நடந்துகொண்டிருந்த நேரம் அது.

பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏறிய 9-ம் வகுப்புப் பையனுக்கு இரண்டே வழி. ஒன்று, இலவச பஸ் பாஸை வைத்துக்கொண்டு, விடிவதற்குள் கிளம்பி 25 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் பழைய பள்ளிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால், ஏற்கனவே நிரம்பி வழியும் புதுப் பள்ளியில் இடம் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்தால் இருட்டில் பஸ்ஸுக்கு அனுப்ப அம்மாவுக்குப் பயம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது. அது எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது!

சட்டம் 8-ம் வகுப்போடு சரி

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 5-ம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். 6 முதல் 8 வரை 35-க்கு ஒருவர். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் அதிலே இருக்கிறது.

9-ம் வகுப்புக்கு? அங்கே இந்தச் சட்டம் வராது. 40 பிள்ளைக்கு ஒருவர் என்ற 1997-ம் ஆண்டு அரசாணைக் கணக்குதான். ஆக, பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்க நெருங்க, பிள்ளைக்குப் பாதுகாப்பு குறைகிறது.

ஆகஸ்டு 1-ந் தேதி

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 1-ந் தேதி எத்தனை மாணவர் என்று தலை எண்ணித்தான் ஆசிரியர் எத்தனை என்று முடிவு செய்கிறார்கள். கூடுதலாக இருப்பவர் "உபரி". அவரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பங்களை டிசம்பரில் லாரியில் ஏற்றினால்? கணக்கில் பிள்ளை இன்னும் பழைய பள்ளியில்தான். அடுத்த ஆகஸ்டுக்கு 8 மாதம் இருக்கிறது. அதற்குள் முழுப் பரீட்சையே முடிந்துவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. நகரப் பள்ளி ஆசிரியர் மாநகராட்சி ஆள். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே உள்ள அரசுப் பள்ளி பள்ளிக்கல்வித் துறைக்குச் சொந்தம். 2022-ல் நகர எல்லைக்குள் இருந்த 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சிக்கு வந்தன. எல்லைக்கு வெளியே உள்ளது வரவில்லை. பிள்ளை ஒரே நாளில் மாவட்டம் தாண்டிப் போய்விட்டது. வாத்தியாரால் இலாகா தாண்ட முடியவில்லை.

சராசரி சொல்லும் பொய்

அதிகாரிகள் சராசரியைக் காட்டுவார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு வகுப்பில் இரண்டு பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில வழியில் 62 பேர், தமிழ் வழியில் 18 பேர். சராசரி 40. பேப்பரில் எல்லாம் சுத்தம்!

6-ம் வகுப்பில் புதுக் கூட்டம் சேருவதற்கும் காரணம் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் 2020-ல் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் 2022-ல் வந்தது. பையன்களுக்கு 2024-ல். தனியார் பள்ளியில் பீஸ் கட்டித் திணறுகிற குடும்பம் இதைப் பார்க்காமல் இருக்குமா? இது போக, கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகளும் சேருகிறார்கள். அவர்களுக்கு முதலில் "அ"னா எழுதிக் காட்டவே தனியாக ஒருவர் வேண்டும்.

குடிசையை எடுப்பதற்கு முன்னால், வாரியத்து ஆட்கள் வீடு வீடாக வந்து கணக்கு எடுக்கிறார்கள். எந்தக் குடும்பம், எத்தனை பேர், எல்லாம் பட்டியலில் ஏறிவிடுகிறது. பிள்ளை எந்த வகுப்பு என்று அதிலேயே ஒரு கட்டம் சேர்த்து, லாரி கிளம்புவதற்கு முன்பே புதுப் பள்ளிக்கு ஆசிரியரை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அதுவரை பெற்றோருக்கு ஒரு சேதி. பிள்ளை 8-ம் வகுப்போ அதற்குக் கீழோ என்றால், டி.சி. கையில் இல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போய்ச் சேருங்கள். தலைமை ஆசிரியர் மறுக்க முடியாது. டி.சி. கேட்டால் பழைய பள்ளி உடனே கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். சட்டத்தில் 5-வது பிரிவு.