களத்தில் நின்று கற்கும் சரித்திரம்

தன் பூர்வ சரித்திரத்தைத் தானே ஆராய்ந்தறியாத ஜன சமூகம், பிறர் எழுதிக் கொடுத்ததையே பிரமாணமாகக் கொள்ள நேரும். இவ்வுண்மையை நம்மவர் நன்கு அனுபவித்திருக்கின்றனர். அந்நிய ஆட்சிக் காலத்தில் நமது பாடசாலைச் சிறுவர்கள் ஆங்கில மன்னரின் பெயர்களையும் அவர்கள் பட்டமேறிய வருஷங்களையும் நெட்டுருப் போட்டனர். இங்கிலாந்து என்றைக்கும் ஆளப் பிறந்த நாடு என்ற எண்ணமே அப்பாடங்களின் அடியில் ஓடியது. ஆனால், அதே ஆங்கிலேயர் தங்கள் டெலிவிஷனில் தம் பூர்விகத்தைத் தேடிக் காட்டும் சித்திரங்களைப் பார்ப்போருக்கு வேறொரு இங்கிலாந்து புலப்படும். அந்த இங்கிலாந்து தோற்றும், எரிந்தும், பாஷையிழந்தும், மீண்டும் எழுந்த நாடாகும்.

ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் முடிவுற்ற 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், நார்மானியர் வெற்றி கொண்ட 1066 வரையில், ஏறக்குறைய 650 வருஷங்கள் ஆகின்றன. அதன் முற்பகுதிக்கு எழுத்துச் சாட்சியம் மிகச் சொற்பமாதலின், முன்னாளைய ஆசிரியர்கள் அதற்கு 'இருண்ட காலம்' என்று பெயரிட்டனர். 1979 முதல் 1981 வரையில் பி.பி.சி. ஒளிபரப்பிய 'இருண்ட காலத்தைத் தேடி' என்னும் வரிசையில், மைக்கேல் வுட் என்ற சரித்திராசிரியர் இக்காலத்தைப் பாமரரும் அறியச் செய்தார். ஆபா, ஆல்பிரட், அதெல்ஸ்தான் முதலிய மன்னரைப் பற்றி அவர் நாற்காலியில் அமர்ந்து உபந்நியாசம் செய்யவில்லை. வயல் வரப்பிலும், மண்மேட்டிலும், பாழடைந்த மடங்களிலும் நடந்துகொண்டே பேசினார்.

இடத்தை நேரில் காண்பதால் வரும் பயன் யாது? அதெல்னியை எடுத்துக் கொள்வோம். 878 ஜனவரியில் குத்ரம் என்பவன் தலைமையில் டேனியர் சிப்பன்ஹாமைத் திடீரெனக் கைப்பற்றினர். வெஸ்ஸெக்ஸ் மன்னன் ஆல்பிரட் சிறு கூட்டத்தாருடன் சோமர்செட் சதுப்பு நிலத்தில் ஒளிந்தான். புத்தகத்தில் இது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். இன்றோ அந்நிலம் நீர் வடிக்கப்பட்ட மேய்ச்சல் வெளியாக இருக்கிறது; அதன் நடுவே அதெல்னி சிறிதே உயர்ந்து நிற்கும் ஒரு மேடு. நாற்புறமும் நீரும் நாணலுமாக இருந்த காலத்தில், வழியறியாத பகைவன் இதனை அணுகுவது எத்துணை அரிது என்பதை அம்மேட்டைக் கண்ட கணமே உணரலாம். ஓர் அரசனிடம் மிஞ்சியது அவ்வளவே என்பதும் உடன் விளங்கும். அவ்வாண்டு மே மாதத்திலேயே அவன் படை திரட்டி எடிங்டனில் டேனியரை வென்றான். தோற்ற குத்ரமுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, அவனுக்கு ஞானத்தகப்பனாகவும் நின்றான்.

1994-ல் 'சானல் 4' ஸ்தாபனம் தொடங்கிய 'டைம் டீம்' என்னும் தொல்பொருள் வரிசையின் முதல் நிகழ்ச்சிக்கு அந்த அதெல்னியே களமாயிற்று. மண்ணுள் மறைந்திருப்பதை மேலிருந்தே கண்டறியும் கருவிகளைக் கொண்டு, ஆல்பிரட் அங்கு நிறுவிய மடம் இருந்த இடத்தை ஆராய்ந்தனர். மூன்றே நாளில் ஓர் ஊரின் பழைமையை ஆராய்வது அவ்வரிசையின் நியமம். மூன்று நாளில் சரித்திரம் முடிந்துவிடுமா என்று பண்டிதர் கேட்கலாம். ஆயினும், ஆராய்ச்சி என்பது எவ்விதம் நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பொதுஜனங்கள் கண்ணாரக் கண்டது சிறு நன்மையன்று.

ஆல்பிரடின் சரித்திரத்தில் நம்மவர் ஊன்றி நோக்கத்தக்க அம்சம் அவன் வாளைக் காட்டிலும் அவனுடைய பாஷாபிமானமே. டேனியர் படையெடுப்பால் மடங்கள் அழிந்தன. லத்தீன் அறிந்தோர் அருகினர். மன்னன் தன் நாற்பதாம் வயதை நெருங்கும்போது லத்தீன் நூல்களைப் படித்துப் பெயர்க்கத் தொடங்கினான். மாந்தர் அனைவரும் அறிய வேண்டிய நூல்கள் தாய்ப் பாஷையில் இருத்தல் வேண்டும், வசதியுள்ள இளைஞர் முதலில் ஆங்கில எழுத்தைக் கற்க வேண்டும், உயர்கல்வி விரும்புவோர் பின்னர் லத்தீன் பயிலலாம் என்பது அவன் வகுத்த திட்டம். 1066-க்குப் பின் பிரெஞ்சு பாஷை அரசவையில் ஏறி அமர்ந்தது. நீதிஸ்தலத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் செய்ய 1362 வரையில் அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் தம் பாஷையை நமது நீதிஸ்தலங்களில் ஏற்றியவர், ஒரு காலத்தில் அவ்வாறே துன்புற்றவராவர். இதனை நம் பாடப் புத்தகங்கள் நமக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை.

இருண்டதென்று சொல்லப்பட்ட அக்காலத்தில் இங்கிலாந்து உலகினின்றும் ஒதுங்கியிருந்ததுமில்லை. மெர்சியா மன்னன் ஆபா வெளியிட்ட பொற்காசு ஒன்று, பாக்தாத் காலிப் வெளியிட்ட தீனாரைப் பார்த்து அடித்தது. அரபு எழுத்துக்களின் நடுவே ஆபாவின் பெயர் பொறித்திருக்கிறது. அக்காலத்து ஐரோப்பிய அணிகலன்களில் பதித்த செம்மணிகளிற் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என ரசாயன ஆராய்ச்சி காட்டுகிறது. 883-ஆம் வருஷத்தில் ஆல்பிரட் இந்தியாவிலுள்ள தோமையர் ஸ்தலத்திற்குக் காணிக்கை அனுப்பினான் என்று ஆங்கிலோ-ஸாக்ஸன் வருஷாவளியின் சில பிரதிகள் கூறுகின்றன. கிறிஸ்தவ ஐதிகம் தோமையரின் சமாதியை மயிலாப்பூரில் வைத்திருக்கிறது. எனினும் மூலத்தில் இருந்தது 'இந்தியா'வா 'யூதேயா'வா என்ற வாதம் பண்டிதரிடையே உண்டு. பெருமைக்கு ஆசைப்பட்டு அத்தூதர் நம் கடற்கரையில் இறங்கினர் என்று நாம் துணிதல் தகாது.

இவ்வெச்சரிக்கை டெலிவிஷன் சித்திரங்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். பனி மூடிய மேட்டையும் சூரியாஸ்தமனத்தையும் காட்டி, பின்னணியில் வாத்தியம் ஒலிக்கச் செய்தால், ஆதாரமற்ற கதையும் சத்தியம் போலத் தோன்றும். ஒளிந்திருந்த ஆல்பிரட் அடுப்பிலிருந்த பணியாரத்தைக் கருக விட்டு, வீட்டுக்காரியிடம் வசவு வாங்கினான் என்ற கதையைக் குழந்தைகளும் அறிவர். அவன் காலத்தில் அவன் சரித்திரத்தை எழுதிய ஆஸரின் நூலில் அக்கதை இல்லை. பின்னெழுந்த துறவி சரித்திரம் ஒன்றில்தான் அது தோன்றுகிறது. 2004-ல் பிரான்சிஸ் பிரையர் என்ற தொல்பொருள் அறிஞர் 'சானல் 4' வழியே, ஸாக்ஸர் பெருந்திரளாய் வந்து குடியேறவில்லை என்று வாதித்தார். 2022-ல் வெளியான மரபணு ஆராய்ச்சியோ, அக்காலத்தில் கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் வாழ்ந்தோரின் வமிசத்தில் சராசரி நூற்றுக்கு 76 பங்கு கடல் கடந்து வட ஐரோப்பாவினின்றும் வந்ததெனக் கண்டது. காட்சி அழகு வாதத்திற்குப் பலம் ஆகாது.

நேர்மையாகத் தேடிய உதாரணமும் உண்டு. வின்செஸ்டரில் ஆல்பிரடினுடையதாயிருக்கலாம் என்று எண்ணப்பட்ட எலும்புகளை 2013-ல் தோண்டியெடுத்துப் பரிசோதித்தனர். அவை பல நூற்றாண்டு பிற்பட்டவை. பின்னர் 1999-ல் ஹைட் மடத்து அகழ்வில் கிடைத்துப் பெட்டியில் கிடந்த இடுப்பெலும்புத் துண்டொன்று 895-க்கும் 1017-க்கும் இடைப்பட்டதெனத் தெரிந்தது. அது ஆல்பிரடுடையதாகவோ அவன் மகன் எட்வர்டுடையதாகவோ இருக்கலாம் என்பதற்கு மேல் ஆராய்ச்சியாளர் சொல்லவில்லை. 2014-ல் பி.பி.சி. இத்தேடலை ஏமாற்றத்தோடு சேர்த்தே காட்டியது.

இதே வின்செஸ்டரில் 1901-ல் ஆல்பிரடுக்குப் பெருஞ்சிலை எடுத்தனர். அவன் இறந்தது 899-ல். ஆயிர வருஷ விழாவின் கணக்கே பிசகிற்று. ஸாக்ஸன் ஜாதியே உலகை ஆளத் தகுந்தது என்ற ஏகாதிபத்திய கர்வம் உச்சத்தில் இருந்த காலம் அது. அதற்கு மாறாக, 2010-ல் மைக்கேல் வுட் லெஸ்டர்ஷயரிலுள்ள கிப்வொர்த் என்ற ஓர் ஊரையே இங்கிலாந்தின் சரித்திரமாகக் காட்டினார். ஊர் ஜனங்கள் தங்கள் தோட்டங்களில் தாமே குழி தோண்டி, பழைய மட்பாண்ட ஓடுகளை எடுத்தனர். ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியில் உள்ள பழைய ஏடுகளிலிருந்து அவ்வூர்க் குடியானவர்களின் பெயர்கள் வெளிவந்தன. சிலையினும் அவ்வோடுகளே தேசத்தின் மெய்யான சரித்திரம் என்பது நமது அபிப்பிராயம்.

அதே வுட் நம் நாட்டிற்கும் வந்தவர். தமிழ்நாட்டு யாத்திரையைப் பற்றி 1995-ல் 'முருகனின் புன்னகை' என்ற நூலை எழுதினார். 2007-ல் இந்திய சரித்திரத்தைச் சித்திரமாக்கியபோது தஞ்சைச் சோழரையும் காட்டினார். அன்புடன் செய்த அப்பணிக்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆயினும் தன் வீட்டுக் கதையைத் தானே சொல்லும் கடமை வீட்டுக்காரனைச் சேர்ந்தது. ஆங்கிலேயரிடமிருந்து இவ்விஷயத்தில் நாம் கற்க வேண்டியது, தோல்வியையும் மறையாது சொல்லும் துணிவும், குடியானவனையும் ஆராய்ச்சிக்கு அழைக்கும் பண்பும், ஆதாரம் நின்ற இடத்தில் தாமும் நிற்கும் அடக்கமுமே. இம்மூன்றும் கூடினாலன்றிச் சரித்திரம் ஜனங்களின் உடைமையாகாது.