உயிலைப் படிக்கும் முன் அ-பதிவேட்டைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏற ஏற, திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரக் காலனிகளில் அப்பா எழுதிய உயில்கள் வெளியே வருகின்றன. எல்லாம் மூத்த மகனுக்கு என்று இருக்கும். மகள்கள் கேட்டால், "ரிஜிஸ்தர் ஆன உயில், ஒன்றும் செய்ய முடியாது" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பதிவாகிவிட்டது என்பதாலேயே உயில் மெய்யாகிவிடாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கென்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரையாவது கூண்டில் ஏற்றி மெய்ப்பிக்க வேண்டியது உயிலைக் காட்டுகிறவர் பொறுப்பு. ஆதாயம் பெறுகிறவரே முன்னின்று எழுதி வாங்கியிருந்தால், அந்தச் சந்தேகத்தையும் அவர்தான் போக்க வேண்டும் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் சொல்லிவிட்டது.

சுயமாகச் சம்பாதித்த சொத்தை அப்பா விரும்பியவருக்கு எழுதலாம், அதை மறுப்பதற்கில்லை. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்குண்டு என்பதை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா தீர்ப்பு உறுதிசெய்தது.

நம் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த நிலம் பஞ்சமி நிலமா? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 அரசாணைப்படி நம் முன்னோருக்குக் கிடைத்த நிலம் அது. அதை மீட்கப் போராடிய காரணை மக்களுக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே என்பது அதன் நிபந்தனை. உயிலைக் கையில் வைத்திருக்கும் அண்ணன் வெளியாருக்குக் கிரயம் செய்தால் நிபந்தனை மீறல். இழப்பீடின்றி அரசு திரும்ப எடுக்கலாம். அப்படி எடுத்த நிலம் அதே குடும்பத்துக்கே திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. உடன்பிறந்தார் சண்டையில் புரோக்கர் அவசரப்படுத்துவது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஆகவே தாலுகா அலுவலகத்தில் இன்றைய பட்டா, சிட்டாவோடு நிற்காதீர்கள். நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். விற்பனை நடக்கப்போகிறது என்று தெரிந்தால், பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடையும் கோரலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தங்கைகள் தயங்க வேண்டாம். பெண்களும் பட்டியல் சாதியினரும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.