கோளாறு வயிற்றில்தானா?

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஓடி, வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால் போதும், லயத்தில் வாய்கள் சும்மா இருக்காது. பழி முழுக்க மருமகள் தலையில்தான். அவள் கர்ப்பப்பையில்தான் கோளாறு என்று யாரும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தாய்மார்களே, சில சமயம் கோளாறு வயிற்றிலேயே இருக்காது. மூளையில் இருக்கும்!

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி. அதன் கீழே பட்டாணி அளவில் தொங்குவது பிட்யூட்டரி சுரப்பி. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் முன்னது துரை, பின்னது மண்டோர். துரை உத்தரவு போட்டால்தான் மண்டோர் ஆளை வேலைக்கு அனுப்புவார். அந்த உத்தரவும் ஒரு ஹார்மோன்தான். அது வந்ததும் பிட்யூட்டரி வேறு இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. பெண்ணுக்குச் சினைமுட்டை முதிர்ந்து வெளிவருவதும், ஆணுக்கு விந்தணு உண்டாவதும் அவற்றால்தான். ஆக, ஆம்பிளைக்கும் இதே துரை, இதே மண்டோர்!

லட்சக்கணக்கான பன்றி, ஆட்டு மூளைகளைச் சேகரித்து இந்த உத்தரவு ஹார்மோனைப் பிரித்தெடுத்த ஷாலி, கில்லெமின் இருவரும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 1978-ல் குரங்குகளில் இன்னொரு விஷயம் தெரிந்தது. மணிக்கு ஒரு தடவை உத்தரவு போனால் பிட்யூட்டரி வேலை செய்கிறது. ஓயாமல் போய்க்கொண்டே இருந்தால் படுத்துவிடுகிறது. (ஓயாத ஏவலை எந்த மண்டோர்தான் தாங்குவார்!)

இந்தத் துரை சாப்பாட்டுக் கணக்கும் பார்ப்பவர். வெறும் கோப்பியோடு பெரட்டுக்குப் போய், மதியம் வரை பாடுபட்டு, உடம்பு இளைத்துக்கொண்டே போனால், 'இந்த உடம்பு பிள்ளை தாங்காது' என்று உத்தரவைக் குறைத்துவிடுவார். மாதவிலக்கு நின்றுபோகும். பெருங்கவலையும் அப்படிச் செய்வதுண்டு.

பிள்ளை பால் குடிக்கும் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப்போவதும் மூளையின் ஏற்பாடுதான். ஆனால் கைப்பிள்ளை இல்லாமலே மார்பில் பால் கசிந்தால், தலைவலியோடு பக்கப் பார்வை மங்கினால், பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கலாம். பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது புற்றுநோயல்ல, பலருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

பிரசவத்தில் ரத்தம் ஏராளமாய்ப் போன சிலருக்குப் பிட்யூட்டரி பழுதாகிவிடும். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, எந்நேரமும் அசதி, குளிர். அவளைச் 'சோம்பேறி' என்று ஏசுவது அநியாயம். அவளுக்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால், முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், மனநோய் மருந்து, வாந்தி மருந்து சிலவும் மாதவிலக்கை நிறுத்தும். பிள்ளை இல்லையென்று போகிறவர்கள் ஜோடியாகப் போங்கள். புருஷனுக்கும் பரிசோதனை உண்டு.